வெறும் நாள் வேண்டாம் என்றவள்

அவளை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதி படித்துவிட்டு, இந்தக் கிழவிக்கு அந்தப் பெண் மேல் ஏன் இவ்வளவு காய்ச்சல் என்று யாரும் கேட்க வேண்டாம். பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது தேடிப்பிடித்து, பெயர் தினம் என்று ஒன்றைக் கொண்டாடி, எல்லார் சட்டையிலும் காகிதச் சீட்டுக் குத்திவிடுவாள்.

மைசூரில் ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் மூன்று வருடம் இருந்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முழங்கால் இரண்டும் கைவிட்டபோது நானே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். யாரும் என்னைக் கொண்டுபோய் விடவில்லை. அதனால் அங்கே அழுவதற்கு எனக்குக் காரணம் எதுவும் இல்லை. கோபப்படத்தான் நேரம் நிறையக் கிடைத்தது. பிறகு மைசூரிலேயே இருக்கும் என் தங்கை மகள் வந்து, போதும் பெரியம்மா என்று கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இப்போது அவள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அந்த இல்லத்தில் எங்களைச் சந்தோஷமாக வைத்துக்கொள்வதுதான் அந்தப் பெண்ணுடைய வேலை. அப்படியும் ஒரு வேலை இருக்கிறது, அதற்கும் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். வயது முப்பத்தைந்து இருக்கும். ஒல்லியான உடம்பு, உச்சியில் தூக்கிக் கட்டிய முடி, விரல் எல்லாம் ஜிகினாத் தூள். எத்தனை கழுவினாலும் அது போகாது. சாம்பாரில் ஜிகினா மின்னினால் அன்று பரிமாறியது அவள் என்று அர்த்தம்.

காலையில் நாங்கள் உப்பிட்டு என்கிற உப்புமாத் தட்டின் முன் உட்கார்ந்ததும் வந்து நின்று கை தட்டுவாள்.

"குட் மார்னிங் ஆண்ட்டீஸ், அங்கிள்ஸ்! இன்னிக்கு என்ன நாள், சொல்லுங்க பாக்கலாம்?"

வந்த புதிதில் நான் சொன்னேன். "செவ்வாய்க்கிழமை."

"அய்யோ மேடம், வெறும் செவ்வாய்க்கிழமையா? வெறும் நாள் எல்லாம் நமக்கு எதுக்கு? இன்னிக்கு பாப்கார்ன் தினம்!"

பல் இல்லாத இருபது பேருக்குப் பாப்கார்ன். இப்படித்தான் ஆரம்பித்தது. பலூன் தினம், பொத்தான் தினம், ஜோடி சேராத சாக்ஸ் தினம், அணில்களைப் பாராட்டும் தினம் என்று வரிசையாக வந்தன. அணில் தினத்தன்று எங்களைத் தோட்டத்துக்கு நடத்திக்கொண்டு போய் மாமரத்தைப் பார்த்துக் கை தட்டச் சொன்னாள். அணில்கள் ஓடிப்போயின. அவற்றுக்காவது ஓடக் கால் இருந்தது.

பண்டிகைக்குப் பஞ்சமான ஊரா இது? தசராவுக்கு ஊர் முழுக்க விளக்குப் போட்டுக்கொள்கிறார்கள். சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் கொடுத்து நல்லதாகப் பேசு என்கிறார்கள். எனக்குக் கிறிஸ்துமஸ் இருக்கிறது, ஈஸ்டர் இருக்கிறது. இவ்வளவும் அவளுக்குப் போதவில்லை. மிச்ச நாட்களையும் விட்டுவைக்க மாட்டேன் என்றாள். எனக்கோ, அந்த வயதில், வேண்டியிருந்தது ஒரு வெறும் செவ்வாய்க்கிழமைதான். காபி குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து யாரோடும் பேசாமல் இருக்க ஒரு நாள்.

இடதுகைக்காரர் தினத்தை மட்டும் நான் செத்தாலும் மறக்க மாட்டேன். அன்று எல்லாரும் இடது கையால்தான் சாப்பிட வேண்டும் என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். யாரிடம் சொல்கிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். மேல்கோட்டையில் கோவில் கைங்கரியம் செய்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர் எங்களோடு இருந்தார். இடது கையை இலைப் பக்கமே கொண்டுவராதவர். அவள் அவருடைய வலது கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் வைத்து, "சும்மா ஒரே ஒரு வாய் தாத்தா, போட்டோவுக்கு" என்றாள். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து அறைக்குப் போய்விட்டார். மத்தியானமும் வரவில்லை. சாயங்காலம் அவள் ஒரு டம்ளர் மோரை எடுத்துக்கொண்டு போய் அவர் வாசலில் வெகுநேரம் நின்றாள். வாங்கிக் குடித்தார். ஆனால் அந்தக் காலைப் போட்டோ அதற்குள் போக வேண்டிய இடத்துக்குப் போயிருந்தது. அதில் அவர் எழுந்திருக்கும் முன் இருந்த ஒரு நொடி இருந்தது. பார்த்தால் சிரிப்பது போலவே இருந்தது.

அவளுடைய போட்டோக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாக் கூத்தும் அதற்காகத்தான். பதினோரு மணிக்குள் ஒவ்வொருவர் பிள்ளைக்கும் போனில் ஒரு படம் போய்விட வேண்டும். தலையில் காகிதக் கிரீடம், கையில் பலூன், முகத்தில் சிரிப்பு. சிரிப்பு இல்லாத படத்தை அவள் அனுப்பியதே இல்லை. போனை நீட்டிக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாக வருவாள். "ஸ்வல்ப நகி ஆண்ட்டி, ஸ்வல்ப நகி." கொஞ்சம் சிரியுங்கள் என்று கன்னடத்தில் கெஞ்சல். வீட்டில் தமிழ் பேசுகிறவள்தான். ஆனாலும் கெஞ்ச வேண்டியிருந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவாள்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவருக்குப் பக்கவாதம் வந்து முகத்தில் ஒரு பாதி தொங்கிப் போயிருந்தது. அவர் பக்கத்தில் போய் ஒரு விரலால் அவர் கன்னத்தை மெல்ல மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் படம் எடுப்பாள். பிறகு தன் விரல் தெரியாதபடி படத்தின் ஓரத்தை வெட்டிவிடுவாள். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். நியாயமாகச் சொன்னால், அவருக்குத் தினமும் கஞ்சி ஊட்டியதும் அதே கைதான். வழிந்ததைத் துடைத்து, சட்டை மாற்றி, முகம் சுளிக்காமல் செய்வாள். ஆனால் அந்தக் கஞ்சியை அவள் ஒருநாளும் படம் எடுக்கவில்லை. என்னைக் கேட்டால் அவர் பிள்ளைக்கு அனுப்பியிருக்க வேண்டியது அந்தப் படம்தான்.

யாராவது இறந்துபோனால் அவள் வாயில் அந்தச் சொல் வராது. "இன்னிக்கு ஒரு அங்கிள் லீவு" என்பாள். முன்னால் கூடத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்; பின் வாசல் வழியாக வண்டி போகும். ஒரு தடவை நான் எழுந்து நின்று, "லீவு இல்லடி, செத்துட்டார்" என்று சத்தமாகவே சொன்னேன்.  அவள் முகம் செத்துப்போனது. பிறகு யாருக்கோ கை நடுக்கத்தில் விழுந்த காகிதப் பூவைப் பொறுக்க மேசைக்கு அடியில் குனிந்தாள். நிமிர்ந்து வரும்போது சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அறையத்தான் தோன்றியது.

சரி, அது வரைக்கும் அவள் எனக்குத் தொல்லை, அவ்வளவுதான். உண்மையான பகை நஞ்சம்மாக்காவால் வந்தது.

நஞ்சம்மாக்கா என் அறைக்கு வந்து சேர்ந்தவர். கொள்ளேகால் பக்கத்துக் கிராமம். மல்பெரித் தோட்டம், பட்டுப்பூச்சி, இரண்டு மாடு என்று இருந்த குடும்பம். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும், பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரே மகன் இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தான். நடக்க ஆரம்பித்ததும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தான். அக்கா அந்தப் பேச்சை நம்பித்தான் நடை பழகினார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் போவார், வருவார், மறுபடியும் போவார்.

"நடந்து காட்டோணும் அம்மிணி. நடந்துபோட்டன்னா அவன் சொன்ன பேச்சு மாற மாட்டான்" என்பார்.

நடந்தார். மாதங்கள் ஆயின. மகன் வரவில்லை. பெங்களூர் என்ன சீமையா? புது ரோட்டில் இரண்டு மணி நேரம். போனில் மட்டும் எப்போதாவது வருவான். வந்தால் ஒரே பேச்சு. "அம்மா, போட்டோ பார்த்தேன். என்னமா சிரிக்கிறே! வீட்டுல இருந்தப்ப நீ இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல."

எனக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. அக்காவுக்கு ஒரு குணம். யார் எதிரே வந்து நின்றாலும் சிரித்துவிடுவார். வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர். அவள் போனை நீட்டினாலும் அது வந்த விருந்தாளி மாதிரி. சிரிப்புத் தானாக வந்துவிடும். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு காலையும் பெங்களூருக்குப் போய், இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது, நீ வர வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அக்கா வராந்தாவில் நடந்து நடந்து சேர்த்ததை எல்லாம் பதினோரு மணிக்கு அவள் ஒரு படத்தில் அழித்துவிடுவாள்.

"அக்கா, இனிமே அவ போன நீட்டினா சிரிக்காதீங்க" என்றேன்.

"அதெப்புடி அம்மிணி? பாவம், அந்தப் புள்ள ஆசையா வருது. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இல்லாம இருக்கணும்னுதான் சொல்றேன். அப்பத்தான் உங்க மகன் கேப்பான்."

யோசித்துப் பார்க்கிறேன் என்றார். மறுநாள் முயற்சியும் செய்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் விடுவாளா? போனின் முன்னால் முயல் மாதிரி மூக்கைச் சுருக்கிக் காட்டினாள். அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அன்றைய படம் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக வந்திருந்தது.

அப்புறம் வந்தது சிடுமூஞ்சி தினம். சத்தியமாக அப்படி ஒரு தினம் இருக்கிறதாம். காலையில் அவள் கை தட்டி அறிவித்தபோது என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். "இன்னிக்கு மேடம்தான் சீஃப் கெஸ்ட்!" எல்லாரும் சிரித்தார்கள். போட்டி இதுதான்: ஒவ்வொருவரும் கேமரா முன் வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஏதாவது புலம்ப வேண்டும். யாருடைய அழுமூஞ்சி நன்றாக இருக்கிறதோ அவருக்குப் பரிசு. அவளைக் கடுப்பேற்ற வேண்டும் என்றே நான் பல்செட் தெரிய இளித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒருவர் காபியில் சர்க்கரை இல்லை என்று புலம்பினார். இன்னொரு அம்மா மருமகளைப் போல் நடித்துக் காட்டினார். கூடம் குலுங்கியது.

அக்காவின் முறை வந்தது. போன் எதிரே வந்ததும் எப்போதும் போலச் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. இன்றைக்குச் சிரிக்க வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாளே. சிரிக்காமல் இருந்தால் மரியாதைக் குறைவும் இல்லை. அக்கா போனையே பார்த்தார். அதற்குள் மகன் உட்கார்ந்திருப்பது போலப் பார்த்தார்.

"சாமி, எனக்கு இங்கெ ஆவுலடா. நல்லாத்தான் பாக்கறாங்கொ, சோறு தண்ணிக்குக் கொறையில்ல. ஆனா எனக்கு ஆவுல. நான் நடக்கறனடா. வந்து பாரு, வாக்கரப் புடிச்சு நடக்கறன். என்னையக் கூட்டிட்டுப் போயி ஊட்டுல உட்டுப்போடு சாமி. உன்னைய ஒரு தொந்தரவும் பண்ண மாட்டன்."

கண்ணீர் கன்னத்தில் இறங்கிக் கழுத்து வரைக்கும் போனது. துடைக்கவில்லை.

கூடம் கை தட்டியது. விசில்கூட யாரோ அடித்தார்கள். முதல் பரிசு அக்காவுக்குத்தான். ஒரு பிளாஸ்டிக் கோப்பை. பதினோரு மணிக்குள் அந்த வீடியோ பெங்களூருக்குப் போனது. பதில் உடனே வந்தது. அவள் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். "அம்மா, சூப்பர் ஆக்டிங்!" கூடவே ஆறேழு சிரிப்பு மூஞ்சிகளாம். மறுபடியும் கை தட்டல். எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்ததும் அக்காவும் பதிலுக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை.

அலங்காரச் சாமான் வைக்கும் அறையில் அவள் தனியாக இருந்தாள். தரையில் உட்கார்ந்து பலூன்களில் காற்றை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அது நடிப்பு இல்ல. உனக்குத் தெரியுமா தெரியாதா?"

அவள் நிமிரவில்லை. "தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா பரிசு கொடுத்தே?"

"வேற என்ன பண்ணட்டும் சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் அழறாங்க. பரிசு கொடுக்கலேன்னா அது நிஜம் ஆயிடும் இல்லையா மேடம்?" அவள் ஒரு பலூனை விரலால் அழுத்திப் பிடித்தாள். "அவங்களுக்கு வீடே இல்ல. வித்தாச்சு. தோட்டம், வீடு, எல்லாம். அவங்க மகன் ரெண்டு மாசம் முன்னாடியே எங்கிட்ட சொன்னார். அம்மாகிட்ட சொல்ல வேண்டாம், சந்தோஷமா வச்சுக்கோங்கன்னு."

"நீயும் வச்சுக்கிட்டே."

"என் வேலை அதுதானே மேடம்."

நான் திட்டினேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்தில் கேட்ட வார்த்தை எல்லாம் வந்தது. இல்லாத வீட்டுக்காக ஒரு கிழவி தினமும் நடை பழகுவதைப் பார்த்துக்கொண்டு எப்படியடி கிரீடம் மாட்டிவிட்டாய் என்று கேட்டேன். அவள் வாங்கிக்கொண்டாள். கடைசியில், "நாளைக்கு குடை தினம். அது முடியட்டும் மேடம், நானே எப்படியாவது சொல்றேன்" என்றாள். முடியாது என்று எனக்குத் தெரியும். செத்தவரை லீவு என்கிறவள் இதை எந்த வாயால் சொல்வாள்?

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நானே சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். அழவில்லை. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்தார். உள்ளே வெற்றிலை இல்லை, காசு இல்லை, ஒரு பெரிய பித்தளைச் சாவி.

"சாவி எங்கிட்டத்தான அம்மிணி இருக்குது," என்றார். "அப்ப பூட்ட ஒடச்சா உள்ள போனாங்கொ?"

 அந்தச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பூட்டு நல்ல பூட்டு, தன் வீட்டுக்காரர் வாங்கியது, உடைக்க நேரம் ஆகியிருக்கும் என்றார். அன்றைக்கு வராந்தாவுக்கு நடக்கப் போகவில்லை.

மறுநாள் கூடம் முழுக்கக் காகிதக் குடை. அக்கா வந்தார். வழக்கமான நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போடச் சொன்னார். ஆயா திருப்பிப் போட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் போனோடு வந்தாள்.

"நஞ்சம்மா ஆண்ட்டி, ஸ்வல்ப நகி."

"எனக்கு வேணாங் கண்ணு."

யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத அந்த வாயிலிருந்து வந்த முதல் வேண்டாம் அது. அவள் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனாள். அக்கா முகத்தை மறுபுறம் திருப்பினார். அவள் அந்தப் பக்கம் போனாள். அக்கா புடவைத் தலைப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். முயல் மூக்கு எல்லாம் அன்று பலிக்கவில்லை. அவள் கை தாழ்ந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நீதானே சொன்னாய் என்று கேட்கிற பார்வை. ஆமாம், நான்தான் என்று நானும் பார்த்தேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அவளுடைய போனில் அக்காவின் பழைய சிரிப்பு எத்தனையோ இருந்தது. ஒன்றை எடுத்து அனுப்பியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? மகனுக்கு எந்தக் குடை, எந்த நாள் என்றா கணக்கு? அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, நரைத்த கொண்டையும், கூன் விழுந்த முதுகும், எதிரே வெள்ளைச் சுவருமாக ஒரு படம் எடுத்தாள். அதைத்தான் அனுப்பினாள். ஏன் அனுப்பினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஏதாவது தினம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

அந்தப் படத்துக்குப் பிறகு மகன் மாதம் ஒருமுறை வர ஆரம்பித்தான். வீடு போனது போனதுதான். அதை யாரும் திருப்பித் தர முடியாது. அவள் திருந்திவிட்டாள் என்றும் நினைக்க வேண்டாம். மறுநாளே ஏதோ ஊறுகாய் தினம் என்று கை தட்டினாள். எனக்கும் அவள் மேல் இருந்த கோபம் குறையவில்லை, இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் குடை தினத்தின் சாயங்காலம் நடந்ததை எழுதாமல் விட்டால் அது நியாயம் ஆகாது.

அவள் எங்கள் அறைக்கு ஓடிவந்தாள். கையில் போன், அதில் மகனின் முகம். அக்கா அப்போதும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார்.

"அம்மா, என்னம்மா ஆச்சு? ஏன் திரும்பி உக்காந்திருந்தே? முகத்தைக் காட்டும்மா."

அக்கா அசையவில்லை.

"அம்மா, கேக்குதா? ஒரு தடவ இந்தப் பக்கம் திரும்பு. உன் முகத்த நான் பாக்கணும்."

"பாக்கோணும்னா நேர்ல வந்து பாரு சாமி" என்றார் அக்கா, சுவரிடம்.

அவன் போனை வைக்கவில்லை. அம்மா திரும்பிவிடுவாள் என்று காத்திருந்தான் போலிருக்கிறது. அக்கா திரும்பவில்லை. அவள் ஒரு வார்த்தை கெஞ்சியிருக்கலாம். அந்தக் கன்னடக் கெஞ்சல் அவள் நாக்கு நுனியிலேயே இருப்பது. கெஞ்சவில்லை. கட்டிலின் பக்கத்தில் நின்று, அக்காவின் முதுகு அவனுக்கு முழுதாகத் தெரியும்படி போனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கை வலித்திருக்கும். அவன் வைக்கிற வரைக்கும் இறக்கவில்லை.